ஊரார் படைக்கு வர்ணம் பூசியவர்

"ஒரு சின்ன உதவி" என்று யாராவது ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். கேட்கிற ஆள் மேல்கூட அவ்வளவு கோபம் வராது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் மேல்தான் முதலில் வரும். அந்த மனிதருக்கு முடியாது என்ற சொல் வாயில் வரவே வராது. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போலே லா, வச்சிட்டுப் போ," என்பார். போலே என்றால் மலாயில் முடியும் என்று அர்த்தம், லா சும்மா பேச்சுக்கு ஒட்டுவது. அவர் போலே சொன்ன சாமான்களையெல்லாம் ஏற்றினால், ரிங்லெட்டிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரி ஒன்று போதாது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு ஈப்போவுக்குப் போய்ச் சில வருஷமாகிறது. இப்போது இங்கே அவரைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள். இங்கே இருந்த கடைசிக் காலத்தில் அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாம். போன வாரம் எங்கள் கடைக்கு டீ குடிக்க வந்த ஒருவரே சொன்னார். நான் தோட்டத்து டீக்கடையில் டூரிஸ்டுகளுக்கு ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் எடுத்து வைக்கிற வேலையில் இருக்கிறேன். வாடிக்கையாளரிடம் வாயை அடக்கித்தான் ஆக வேண்டும். அங்கே அடக்கியது எல்லாம் இந்த எழுத்தில் வருகிறது.

விஷயம் பொம்மை. சிரிக்காதீர்கள். சுண்டுவிரல் பாதி உயரத்துக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், வாள் ஒரு பக்கமாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு பெட்டியில் வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூசி, ஒரு படையாகச் சேர்க்க வேண்டும். பிறகு பெரிய மேசையில் மலை, காடு, பாலம் எல்லாம் செய்துவைத்து இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று சண்டை போட வேண்டும். எந்தச் சிப்பாய் எவ்வளவு தூரம் நகரலாம் என்று டேப் வைத்து அளப்போம், அடி விழுந்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்போம். தோட்டத்து ஹாலில், பேட்மிண்டன் ஆடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"கல்யாணமான பொம்பளைக்கு இது என்ன வெளையாட்டு?" என்று என் மாமியார் கேட்டார். வாரம் பூராவும் நின்றுகொண்டே டீ ஊற்றுகிறவளுக்கு ஒரு நாளாவது யாரையாவது வெட்டிச் சாய்க்க வேண்டும் போல இருக்கும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னுடையது எலும்புக்கூட்டுப் படை. விழுந்தாலும் திரும்ப எழுந்து வரும், அதனால் எனக்குப் பிடிக்கும்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரப்பர் வார் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாரானால் ஒரு சிப்பாயின் கண்ணுக்குள் கருவிழி வைத்துவிட்டுத்தான் நிமிர்வார். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கம். காலையில் வேலைக்கு நடக்கும்போது உதட்டோரம் பச்சையோ நீலமோ கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

"என்னண்ணே, நேத்து எந்தப் படை?" என்று கேட்பேன்.

"பச்ச மா. போன் கடைக்காரருது."

மறுநாள் கேட்டால், "நீலம். லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டக்காரருது." எப்போது கேட்டாலும் யாருடையதோதான்.

சிப்பாயின் காலடியில் மண் தெரிய வேண்டும் என்பதற்காக ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற தேயிலைத் தூசியைக் கொண்டுவந்து பசையில் தூவுவார். பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் காய்ந்த கிளையை நறுக்கி நட்டால் அசல் ஆலமரம் மாதிரி நிற்கும். ஈப்போவில் கடையில் விற்கிற மரமெல்லாம் அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மாலை மாதிரி இருக்கும். அந்த மேசையைப் பார்க்கவே டூரிஸ்டுகள் ஹாலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் போன் கடைக்காரர்தான் நடுவில் நிற்பார்.

இந்தப் போன் கடைக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தானா ராத்தா டவுனில் போன் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். எங்களுக்குத் தலைவராக அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிவிட்டார். ஈப்போவில் பெரிய போட்டி ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சட்டம் போட்டார். வர்ணம் பூசாத சிப்பாய் இனிமேல் மேசை ஏறக்கூடாது. அங்கே அப்படித்தானாம், இல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். சட்டம் போட்டவருக்கு ஒரு வாளிக்கு ஒழுங்காகப் பெயிண்ட் அடிக்கத் தெரியாது. எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புது ரூல்ஸ் புத்தகம் வந்த வருஷத்தை மறக்கவே மாட்டேன். இனிமேல் சிப்பாய்கள் காலடியில் ஒட்டிய சதுரத் தட்டில் நிற்கக்கூடாது, வட்டத் தட்டில்தான் நிற்க வேண்டும் என்று எவனோ எங்கேயோ உட்கார்ந்து எழுதிவிட்டான். "பழசு செல்லாது லா," என்றார் போன் கடைக்காரர். உடனே ஹாலில் இருந்த அத்தனை முகமும் அண்ணன் பக்கம் திரும்பியது. அவரும் சொன்னார், அதே 'போலே லா'. மாசக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பாயாகப் பழைய தட்டிலிருந்து கத்தியால் பெயர்த்தார். கணுக்கால் போனவர்களுக்குக் களிமண் மாதிரி ஒரு பசையில் புதுக் கால் செய்தார். கட்டைவிரலில் கத்தி இறங்கி, சுற்றிய துணியோடு ஃபேக்டரிக்குப் போனார்.

"ஏண்ணே, அவங்களுக்கெல்லாம் கை இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு மா. கோணலா ஒட்டிடுவாங்க."

"ஒட்டட்டும். கோணலா நின்னு சண்ட போடட்டும்."

சிரித்தார். அவர் சிரித்தால் நமக்கு மேலே பேச்சு ஓடாது, அது ஒரு தொந்தரவு.

பொம்மை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை லயத்துக் கடைசி வீட்டுக்காரர் கூரைத் தகரத்தை மாற்ற ஏணி போட்டார். அந்த வழியாகப் போன அண்ணனிடம், "கொஞ்சம் புடிச்சிக்குங்கண்ணே, ஆணி வாங்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். போன இடத்தில் யாரையோ பார்த்து, சாப்பிட்டு, ஆற அமரத் திரும்பினார். அது வரைக்கும் இவர் மழைச் சாரலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏணியில் ஆளே இல்லை. ஏன் நின்றீர்கள் என்று கேட்டால், "புடிக்கச் சொன்னாரே மா," என்கிறார். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் எப்படி நிம்மதியாக இருப்பது? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இத்தனைக்கும் இந்த விளையாட்டை இந்த மலைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். அவர் மனைவி, அதாவது எங்கள் அண்ணி, தானா ராத்தாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை சுத்தம் செய்கிற வேலை பார்த்தார். வெள்ளைக்காரப் பயணி ஒருவன் மூட்டை கனக்கிறது என்று ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொல்ல, அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் ஒரு எலிப் படை. கவசம் போட்ட எலி, கொடி பிடித்த எலி, தேர் ஓட்டுகிற எலி. கூடவே இங்கிலீஷில் ஒரு ரூல்ஸ் புத்தகம். மகளின் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு அண்ணன் அதை ஒரு வரி விடாமல் படித்தார். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, டேப்பை எங்கே பிடிப்பது என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார். போன் கடைக்காரர் உள்பட.

அந்த நாட்களில் அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டும். தோற்றால்தான் அதிகச் சந்தோஷம். எலிகள் பயந்து மேசையை விட்டு ஓடும்போது, "எலிதானே, ஓடத்தானே செய்யும்," என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அவருடைய எலிகளுக்கு வர்ணம் பூசவில்லை. சாம்பல் நிற அடிப்பூச்சோடு நிறுத்தியிருந்தார். கேட்டால், எலிக்குச் சாம்பல்தானே கலர், தனியாகப் பூச என்ன இருக்கிறது என்று சமாளிப்பார். பூச நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்போதே எங்கள் பெட்டிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன.

பிறகு அந்த எலிகளும் போயின. முன்னே சொன்ன லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டக்காரர் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்தார். "சொந்தமா வாங்குற வரைக்கும் உங்க எலியக் குடுங்கண்ணே, பழகிக்கிறேன்," என்று கேட்டார். அண்ணனும் கொடுத்தார். தோட்டக்காரர் பிறகு சொந்தமாக ஒரு படை வாங்கினார், எலிகளோ திரும்பி வரவில்லை. தேரும் கொடியும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்ததை நானே பார்த்தேன். அண்ணனைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். "ஆசையா வச்சிருக்காரு மா, எப்படிக் கேக்குறது?" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஹாலுக்கு வந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மடியில் பசை டியூப். உடைந்த கை, உடைந்த ஈட்டி எல்லாம் அவரிடம் போகும், ஒட்டித் திரும்பி வரும். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் ஆரம்பித்தால் அது எங்கே ஆரம்பித்தது என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஃபேக்டரி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மலையில் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். பூசிய வர்ணம் சீக்கிரம் காயாது. மேலே அடிக்கிற வார்னிஷை ஈரக் காற்றில் அடித்தால் பால் கொட்டியது மாதிரி வெளுத்துவிடும், பட்ட பாடு அத்தனையும் வீண். அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். கொழுந்தை வாட்டுகிற நீளத் தொட்டிகளில் அடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். சிப்பாய்களை ஒரு தட்டில் நிறுத்தி, அந்தத் தொட்டியின் ஓரச் சட்டத்தில் வைத்துவிட்டால் வேலை முடிவதற்குள் காய்ந்துவிடும். அவர் தனக்கென்று எதையும் அங்கே காய வைத்ததில்லை.

ஈப்போ போட்டி நெருங்கிய சமயம். போன் கடைக்காரர் தன்னுடைய குள்ளர் படையைப் பை நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அதை முடிக்க அண்ணன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பூசினார், மறுநாள் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியோரம் வைத்தார். கண் அசந்துவிட்டது. தட்டில் இருந்த ஒரு குள்ளன் கொழுந்துக்குள் விழுந்தான். கொழுந்தோடு போய் அரைக்கிற இயந்திரத்துக்குள் இறங்கினான். கடைசியில் தேயிலையைச் சலிக்கிற இடத்தில், தூளுக்கு நடுவே கோடாலி பிடித்த ஒரு குட்டிக் கை கிடந்ததை அங்கே நின்ற பெண்கள் எடுத்தார்கள். முதலில் அலறிவிட்டார்களாம். அந்தத் தடவை அரைத்த தேயிலை மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார்கள்.

துரை கூப்பிட்டு விசாரித்தார். இப்போது மேனேஜர் என்று போர்டு போட்டிருந்தாலும் எங்களுக்கு அவர் துரைதான். யாருடைய பொம்மை என்று கேட்டதற்கு, "என்னுதுங்க," என்று சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த மாடி வேலையிலிருந்து எடுத்து, கீழே பெட்டி ஏற்றுகிற இடத்தில் போட்டார்கள். அந்த வயசில் பெட்டி தூக்கினார்.

செய்தி தெரிந்து அன்று சாயங்காலமே போன் கடைக்காரர் வந்தார். நானும் அண்ணியும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்க வருகிறார், பரவாயில்லை, மனுஷன்தான் என்று நான் நினைத்தேன்.

"கேள்விப்பட்டேன் அண்ணே, சூசாதான் லா," என்றார். சூசா என்றால் கஷ்டம். பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "அந்தக் குள்ளனுக்குப் பதிலு வீட்டுல இன்னொண்ணு இருந்துச்சு. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிடலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை நீட்டி வாங்கிவிட்டார். அண்ணி உள்ளே போய்ப் பாத்திரத்தைப் போட்ட சத்தம் அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும். "எம்புருஷனுக்கு ரெண்டு துரை. ஃபேக்டரில ஒண்ணு, போன் கடையில ஒண்ணு," என்று உள்ளிருந்தே சொன்னார். போன் கடைக்காரர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தப் போட்டியில் படை அழகுக்கென்று ஒரு பரிசு கொடுத்தார்கள். யார் வாங்கியது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோனார். முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் கருவிழி வைக்கிறவர், ஒரு சிப்பாய்க்குக் கண்ணே இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்றுக்கு முன்பக்கம் மட்டும் பூசி, முதுகை விட்டுவிட்டார். ஒரு நாள் மழையில் துணி எடுக்க ஓடியவள் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருக்கிறார். பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறக்கிறார், மூடுகிறார். திரும்பத் திறக்கிறார், மூடுகிறார். பிரஷ்ஷைத் தொடவே இல்லை. துணியைப் போட்டது போட்டபடி உள்ளே போனேன்.

"என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் மா இருக்கு. இதப் பாத்தாத்தான் கையே போவ மாட்டேங்குது. மூடியத் தொறந்தா அந்த வாசம் வருது, ஒடனே மூடிடறேன்."

"அப்ப விட்டுடுங்க."

"விட்டுடலாம்." மேசையடியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். "இவ்ளோ பேரு வச்சிட்டுப் போயிருக்காங்களே."

நான் குனிந்து பெட்டிகளை எண்ணினேன். அவரே சொன்னார். "முன்னெல்லாம் ஞாயித்துக்கெழமை எப்ப வரும்னு இருக்கும் மா. திங்கக்கெழமையே ஏக்கமா இருக்கும். இப்ப சனிக்கெழமை சாயங்காலமானா நெஞ்சு படபடங்குது. வெளையாட்டுக்குப் போறதுக்கு யாருக்காச்சும் பயம் வருமா?"

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பொழுது போக ஆரம்பித்த ஒன்றில் ஒரு மனிதரை இப்படி அரைத்துப் பிழிந்து வைத்திருக்கிறார்களே என்ற ஆத்திரம். நாளைக்கே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் உலகம் இடிந்து விழாது என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

சொன்னபடி மறுநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டிகளை மோட்டாரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணியும் நானும் வாசலில் நின்று பார்த்தோம். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தார். பின்னால் கட்டிய பெட்டிகள் கட்டியபடியே இருந்தன. முன்கூடையில் புதிதாக ஒரு பெட்டியும், அதன் மேல் ஒரு கோஸும் இருந்தன.

"சொல்லத்தான் மா போனேன்," என்றார். "உள்ள கூப்ட்டு டீ குடுத்தாங்க. 'அவசரமில்லண்ணே, மெதுவாப் பண்ணுங்க'ன்னாங்க. அப்பறம் எப்படிச் சொல்றது?"

"இந்தப் புதுப் பெட்டி?"

"காய்கறித் தோட்டக்காரரோட மச்சானுது."

அந்தக் கோஸை அண்ணி எடுத்துத் தோட்டத்துப் பக்கம் வீசினார். வீணாகப் போன ஒரே கோஸ் அதுதான், மற்றபடி அந்த வீட்டில் எதையும் வீசமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பெட்டிகளைத் தூக்கினேன். அண்ணிதான் எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் காடியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் இறக்கினேன். மற்றவர்கள் முகத்தைச் சுளித்ததோடு சரி. போன் கடைக்காரர்தான் விவகாரம் பேசினார்.

"பாதியில நிக்குதே லா. யாரு முடிக்கிறது?"

"நீங்க முடிங்க."

"எனக்கு எங்க நேரம்? கடை இருக்கு."

"அவருக்கு மட்டும் ஃபேக்டரி தானா ஓடுதா?"

"புடிச்சித்தானே செஞ்சாரு? நாங்க என்ன கட்டாயப்படுத்துனமா?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன். பிடித்துத்தான் செய்தார். அதனால்தான் இப்படி ஆனது. பிடிக்காத வேலைக்கு மணி அடித்தால் விடுதலை உண்டு, லீவு உண்டு, சங்கம்கூட உண்டு. பிடித்த வேலையில் ஒருவனை மாட்டிவிட்டால் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? சோறு பிடிக்கும் என்பதற்காக ஊர்ச் சோற்றையெல்லாம் ஒருவன் வாயில் திணித்துவிட்டு, பிடித்துத்தானே சாப்பிட்டான் என்று சொல்கிற நியாயம் இது.

வெற்றியோடு வீட்டுக்கு வந்தால், அண்ணன் வாசலில் நிற்கிறார். அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் என்னிடம்.

"யாரக் கேட்டுக் கொண்டுபோய்க் குடுத்த?"

"உங்களுக்காகத்தாண்ணே."

"இனி இந்தப் பக்கம் யாரு வருவா?" என்றார். "நீ சொல்லு. யாரு வருவா?"

 நன்றி கெட்ட மனிதர் என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலில் ஒரு மோட்டார் நிற்கவில்லை. 'அண்ணே, அண்ணே' என்று உயிரை விட்டவர்கள் ஒருவர்கூட எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எட்டிப் பார்க்கவில்லை. ஈப்போவில் காசுக்குப் பூசித் தருகிற ஆளைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வந்தது எதற்காக என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பூசியிருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் ஹாலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அண்ணன் என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்கினார். தேயிலை மேட்டில் தனியாக நடந்துவிட்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் மிளகாய் நட்டார். உதட்டில் ஒரு நிறமும் இல்லை. மெல்ல முகத்தில் களை திரும்பியது. பேச்சு திரும்பியபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி என்னிடம் கருவேப்பிலை கேட்டார், நானும் ஒன்றுமே நடக்காத மாதிரி பறித்துக் கொடுத்தேன்.

பல மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றார். தலை வாரி, நல்ல ஜாக்கெட் போட்டிருந்தார்.

"மா, ஹால் பக்கம் போறேன். நீயும் வர்றியா? வந்தா ஒன் எலும்புக்கூட்ட எடுத்துக்க."

எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

ஹாலில் ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம். போன் கடைக்காரர், காய்கறித் தோட்டக்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்த தம்பி ஒருவரும் இருந்தார். நாங்கள் நிறுத்துவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சேர்ந்தவர், நல்ல மாதிரி. எங்களைப் பார்த்ததும் எல்லாரும், "வாங்கண்ணே, வாங்க வாங்க," என்றார்கள். போன் கடைக்காரர் அதற்கு மேலே போனார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க லா. இத மட்டும் கொஞ்சம் ஒட்டிக் குடுத்துடுங்க." இரண்டாக உடைந்த ஒரு ஈட்டியை நீட்டினார். மறு கையில் பசை டியூப் தயாராக இருந்தது.

அண்ணன் கை அசைந்ததை நான் பார்த்தேன். போயே போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கை முன்னால் வரவில்லை. ஜாக்கெட் பைக்குள் போனது. இன்னொரு கையும் இன்னொரு பைக்குள் போனது.

"இன்னிக்கு வெளையாடலாம்னு வந்தேன்," என்றார்.

 காய்கறித் தோட்டக்காரர் தன் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். நான் என் எலும்புக்கூடுகளை எடுத்து, அவர் ஆடுவதற்காக, அவர் நிற்கிற பக்கம் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். மருந்து கொடுக்கிற தம்பி எதிர்ப்பக்கம் நின்றார். அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை, அது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஓரத்து ஸ்டூலில் பசையோடு உட்கார்ந்திருந்த ஒருவரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அன்பாகத்தான் கேட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கு வெளையாடத் தெரியுமா?"

நான் போன் கடைக்காரரைப் பார்த்தேன். டேப்பை எங்கே பிடிக்க வேண்டும் என்று இவரிடம் கற்றுக்கொண்டவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"தெரிஞ்சிருந்துச்சு, தம்பி," என்றார் அண்ணன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். "மொதல்ல யாரு நகத்தணும்? அதச் சொல்லு."

போன் கடைக்காரர் அந்த உடைந்த ஈட்டியை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றார்.